நாலு படியும் ஒரு பிட்டும்

"சோர்ஸ் கோட் கையில கிடக்குத்தானே, புது மெசினில திருப்பிக் கொம்பைல் பண்ணினாச் சரி, மறுகா என்ன?"

மட்டக்களப்பு ரவுனில் கொம்பியூட்டர் திருத்தும் கடைகளில் இந்தப் பேச்சு சாதாரணம். மனிதர் எழுதிய சோர்ஸ் கோட்டை மெசினுக்கு விளங்கும் மொழிக்கு மாற்றுவதுதான் கொம்பைல். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கணினி படிக்கிற பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். தனியாக ஓடும் ஒரு சிறு புரோகிராமுக்கு இது பெரும்பாலும் உண்மைதான். பாடப்புத்தகம் பணிசெயல் முறைமை என்று சொல்கிற ஓ.எஸ். ஒன்றுக்கு இதைப் பொருத்தும்போதுதான் அடியோடு பிழைத்துப்போகிறது. எங்கே பிழைக்கிறது என்பதை ஒருவர் விளங்கிக்கொண்டால், பழைய மெசின் ஒன்று எத்தனை விஷயங்களை வாய் திறக்காமல் செய்துகொடுத்தது என்பதும் விளங்கிவிடும். அதற்காகவே இந்த நீண்ட பதிவு.

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலை என்று வையுங்கள். நெல் கொள்வனவு, மூட்டைக் கணக்கு, கடன் பாக்கி எல்லாம் 1990களில் டேர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய டொஸ் (வின்டோஸுக்கு முந்திய ஓ.எஸ்.) புரோகிராம் ஒன்றில் ஓடுகிறது. மெசின் செத்துப்போக, அதைவிட வேகமான இன்னொன்றில் போடுகிறார்கள். முதல் திரை வரமுன்னரே "ரன்டைம் எரர் 200" என்று நின்றுவிடுகிறது. பூச்சியத்தால் வகுத்ததாகப் பொருள். ஆனால் புரோகிராமில் எங்கும் பூச்சியத்தால் வகுக்கும் வரி கிடையாது. பிழை, திரையைக் கையாளும் சிஆர்டி யூனிட்டில் இருக்கிறது. டொஸ் மெசினின் கடிகாரம் 55 மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் துடிக்கும். ஒரு துடிப்புக்குள் வெறும் சுற்று ஒன்றை எத்தனை தரம் சுற்றமுடிகிறது என்று அந்த யூனிட் எண்ணி, 55ஆல் வகுத்து, விடையை 16 பிட்டுக்குள் வைக்கப் பார்க்கும். 16 பிட்டுக்குள் ஆகக்கூடியது 65535. ஏறக்குறைய 200 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கு மேல் விடை அதைத் தாண்டிவிடும். விடை கொள்ளாவிட்டாலும் பூச்சியத்தால் வகுத்தாலும் புராசஸர் எழுப்புவது, ஓடும் வேலையை நிறுத்திக் கவனிக்கச் சொல்லும் ஒரே குறுக்கீடுதான். அதே யூனிட்டை வைத்து நூறு தரம் கொம்பைல் பண்ணினாலும் அதே எரர்தான் வரும். "மெசின் இவ்வளவுக்கு மேல் வேகமாக ஓடாது" என்ற நம்பிக்கை, எழுதியவருக்கே தெரியாமல் புரோகிராமுக்குள் குடியிருந்தது.

ஒரு புரோகிராமுக்கு இப்படி ஒரு நம்பிக்கை என்றால், ஓ.எஸ். ஒன்றுக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

மூன்று தரம் குடிபெயர்ந்த ஓ.எஸ்.

இதைப் படிப்பதற்கு, முதலில் வி.எம்.எஸ். என்று பெயர் பெற்ற ஓப்பன் வி.எம்.எஸ். என்ற ஓ.எஸ். போல நல்ல உதாரணம் வேறில்லை. டிஜிற்றல் எக்குவிப்மென்ட் நிறுவனம் 1977இல் வாக்ஸ்-11/780 மெசினை அறிவித்தபோது அதனோடு சேர்த்து வடிவமைக்கப்பட்டது வி.எம்.எஸ். வன்பொருள்காரரும் மென்பொருள்காரரும் ஒன்றாக இருந்து, எனக்கு இது வேண்டும், உனக்கு அதைச் செய்துதருகிறேன் என்று பேசிச் செய்த சோடி அது. 1992இல் அது 64 பிட் அல்ஃபா புராசஸருக்குப் போனது. அங்கிருந்து ஐட்டேனியம் புராசஸருக்கு. அதில் முதல் பூட் 2003 ஜனவரியில் நடந்தது, வாடிக்கையாளர் நம்பி ஓட்டக்கூடிய 8.2 பதிப்பு 2005இல் வந்தது. 2014இல் வி.எம்.எஸ். சொப்ட்வெயார் என்ற புதிய நிறுவனம் பொறுப்பெடுத்து, நம் மேசைகளில் இருக்கும் அதே எக்ஸ்86-64 புராசஸருக்குக் கொண்டுவரும் வேலையைக் கையிலெடுத்தது. 2019 மே 14இல் பூட் ஆகி டைரெக்டரி கட்டளைக்குப் பதில் சொன்னது. 9.2 பதிப்பு வெளியானது 2022 ஜூலையில். பூட் ஆன நாளுக்கும் வெளியான நாளுக்கும் இடையில் மட்டும் 3 ஆண்டு 2 மாதம். இத்தனைக்கும் சோர்ஸ் கோட் முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. அதை எழுதிய தலைமுறையைச் சேர்ந்த சிலரும் கூடவே இருந்தார்கள்.

நாலு படி

அந்தக் காலம் எங்கே செலவாகிறது என்பதற்கு ஒரே ஓர் இடத்தை ஆழமாகப் பார்த்தால் போதும். வி.எம்.எஸ். தன் உலகத்தை நாலு படியாக அடுக்கியிருக்கிறது. ஆக உள்ளே கேர்னல்: நினைவகம், எந்த வேலை எப்போது ஓடுவது, சாதனங்களோடு பேசுவது. அடுத்தது எக்சிக்கியூட்டிவ்: கோப்புகளைப் பதிவு பதிவாக வாசித்து எழுதும் ஆர்.எம்.எஸ். இங்கே இருக்கிறது. அதற்கு வெளியே சூப்பர்வைசர்: நீங்கள் தட்டும் கட்டளைகளை விளங்கிக்கொள்ளும் டி.சி.எல். ஆக வெளியே யூசர்: உங்கள் புரோகிராம். உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரின் நினைவகத்தைத் தொடலாம், வெளியே இருப்பவர் உள்ளே கைவைக்க முடியாது.

இது அலங்காரத்துக்காகச் செய்ததல்ல. யுனிக்ஸில் கட்டளைகளை வாங்கும் ஷெல் ஒரு தனிப் புரொசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் வேலை), நீங்கள் தட்டும் கட்டளை பெரும்பாலும் இன்னொரு புதுப் புரொசஸ். வி.எம்.எஸ்.இல் டி.சி.எல்.லும் உங்கள் புரோகிராமும் ஒரே புரொசஸில், ஒரே முகவரி வெளியில் வாழ்கின்றன. உங்கள் புரோகிராம் கிறுக்குப்பிடித்து நினைவகம் முழுக்க எழுதித் தள்ளினாலும் டி.சி.எல். சேதப்படாமல் இருப்பதற்கு ஒரே காரணம், நடுவில் நிற்கும் அந்தப் படி. எழுதாதே என்று தடுப்பது வன்பொருள்.

நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று குறித்துவைப்பது பக்க அட்டவணை. வாக்ஸ் மெசினின் பக்க அட்டவணையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 பிட் பாதுகாப்புக் குறியீடு உண்டு. எந்தப் படி வாசிக்கலாம், எந்தப் படி எழுதலாம் என்பது அதற்குள் அடங்கிவிடும். அல்ஃபாவில் அதையே விரித்து, வாசிக்க நாலு பிட், எழுத நாலு பிட் என்று 8 பிட் கொடுத்தார்கள். ஐட்டேனியத்திலும் நாலு சிறப்புரிமை மட்டங்கள் இருந்தன. எக்ஸ்86-64க்கு வந்தால் அதிலும் நாலு வளையம் உண்டு, 0 முதல் 3 வரை. பெயரளவில் பார்த்தால் கணக்குச் சரி. பக்க அட்டவணையைத் திறந்தால்தான் வயிறு கலங்கும். அங்கே இந்த வேலைக்கு இருப்பது யூசர்/சூப்பர்வைசர் என்ற ஒரே ஒரு பிட் (இந்தச் சூப்பர்வைசர் வி.எம்.எஸ்.இன் சூப்பர்வைசர் படி அல்ல). வளையம் 3 ஒரு பக்கம், 0, 1, 2 மூன்றும் சேர்ந்து மறுபக்கம். 32 பிட் காலத்தில் செக்மென்ட் என்ற நினைவகத் துண்டுகளின் எல்லைகளைக் கொண்டு நடு வளையங்களைக் கொஞ்சமாவது பிரித்துவைக்கலாம். 64 பிட் முறையில் செக்மென்ட் எல்லைகளைப் புராசஸர் பார்ப்பதே இல்லை. அன்று அதை நீக்கியவர்களைக் குறைசொல்ல முடியாது. வின்டோஸும் லினக்ஸும் 0, 3 என்ற இரண்டை மட்டுமே பயன்படுத்தின.

இன்னுமொரு விஷயம் இங்கே இருக்கிறது. வி.எம்.எஸ்.ஐ வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் டேவ் கட்லர். 1988இல் மைக்ரோசொஃப்டுக்குப் போய் வின்டோஸ் என்.டி.யைக் கட்டியவரும் அவரே. என்.டி. பல புராசஸர்களில் ஓடவேண்டும் என்பது முதல் நாளே முடிவானது. அதனால் எல்லாப் புராசஸரிலும் நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய இரண்டே படியோடு அது நின்றுகொண்டது. முதல் வீட்டை ஒரு மெசினோடு ஒட்டிக் கட்டியவர், இரண்டாம் வீட்டைப் பெயர்த்தெடுக்கத் தக்கதாகக் கட்டினார் என்றே நான் இதை வாசிக்கிறேன். வி.எம்.எஸ்.ஐப் பெயர்ப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. நாலு படியும் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கின் பகுதி. எக்சிக்கியூட்டிவ் படியில் ஓடவென்று தாங்களாகவே கோட் எழுதியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஒரு பிட்டை வைத்து நாலு படியை எப்படிக் காட்டுவது? ஒரு பக்க அட்டவணை போதாது. ஒவ்வொரு படிக்கும் தனி அட்டவணை வேண்டும். எல்லா அட்டவணையும் அதே பௌதிக நினைவகத்தைத்தான் காட்டும், ஆனால் அனுமதி வேறு. யூசர் படி ஓடும்போது டி.சி.எல்.லின் பக்கங்கள் எழுதமுடியாதவையாகத் தெரியும். சூப்பர்வைசர் படிக்கு மாறியதும், புராசஸருக்குள் இருக்கும் சிஆர்3 பதிவகத்தில் வேறு அட்டவணையின் முகவரி ஏறும், அதே பக்கங்கள் திறக்கும். வாக்ஸில் ஒரே ஓர் அறிவுறுத்தலாக இருந்த படிமாற்றம், இங்கே ஸ்டாக்கைக் காப்பாற்றி, அட்டவணையை மாற்றி, வேறு ஸ்டாக்குக்குத் தாவும் ஒரு சிறு புரோகிராம் ஆகிவிடுகிறது. அட்டவணை மாறினால் முகவரி மொழிபெயர்ப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் டி.எல்.பி. வெறுமையாகும், வேகம் விழும். அட்டவணைகளுக்கு 12 பிட் அடையாள எண் கொடுக்கும் வசதி இன்டெல்லில் இருப்பது இந்த நட்டத்தைக் குறைப்பதற்குத்தான். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற புராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது லினக்ஸும் கேர்னலுக்கு ஒன்று, யூசருக்கு ஒன்று என்று அட்டவணையை இரண்டாகப் பிரித்தது. அப்போது வேகம் குறைகிறது என்று எழுந்த முறைப்பாடுகளை நினைத்துப்பாருங்கள். அது இரண்டு, இது நாலு.

இதோடு முடியவில்லை. கேர்னலுக்கு ஒரு யூசர் முகவரி கொடுத்தால், "கேட்டவருக்கு இதை வாசிக்க உரிமை உண்டா" என்று பார்க்க வாக்ஸில் புரோப் என்று தனி அறிவுறுத்தலே இருந்தது. எக்ஸ்86இல் அது இல்லை, அட்டவணையை மென்பொருளே நடந்து பார்க்கவேண்டும். உள்ளிருந்து வெளிப் படிக்குத் திரும்பும்போது, அந்தப் படிக்கு ஏதாவது செய்தி காத்திருக்கிறதா என்று வாக்ஸின் திரும்பும் அறிவுறுத்தல் தானாகவே பார்த்துக்கொள்ளும். வி.எம்.எஸ்.இல் எல்லாமே இந்த ஏ.எஸ்.டி. செய்திகளில்தான் ஓடுகிறது. எக்ஸ்86இன் திரும்பும் அறிவுறுத்தல் அப்படி எதையும் பார்க்காது. ஆகவே ஒவ்வொரு திரும்பலும் ஒரு மென்பொருள் வாசலால் போகவேண்டும். ஒன்றே ஒன்று தப்பினாலும், எங்கோ ஒரு புரொசஸ் வராத செய்திக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். எரரும் வராது, ஒன்றும் விழாது. சும்மா நிற்கும். இப்படியான பிழையைப் பிடிக்க மாதங்கள் போகும்.

வட்டை விதானை

அல்ஃபாவில் இந்த வேலைகளைப் பால்கோட் என்ற அடுக்கு செய்தது. ஐட்டேனியத்தில் அது இல்லாததால் ஸ்விஸ் என்று சுருக்கிச் சொல்லும் மென்பொருள் அடுக்கு ஒன்றை எழுதினார்கள். எக்ஸ்86க்கு அதையே திரும்ப வடிவமைத்தார்கள். அதன் வேலை, மேலே இருக்கும் வி.எம்.எஸ்.க்கு அடியில் ஏதோ வாக்ஸ் இருப்பதுபோலக் காட்டுவது. நம் பக்கம் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் வட்டை விதானையைக் கேட்போம். சேனநாயக்க சமுத்திரத்தில் எத்தனை அடி தண்ணீர், எந்த வாய்க்காலை எப்போது திறக்க முடிவெடுத்தார்கள் என்பது அவர் பாடு. விவசாயிக்கு முறை வரும்போது தண்ணீர் வரவேண்டும், அவ்வளவுதான்.

குறுக்கீட்டு மட்டங்களும் இந்த விதானையின் பொறுப்பே. வி.எம்.எஸ்.க்கு 0 முதல் 31 வரை 32 மட்டம் வேண்டும். 1 முதல் 15 வரை மென்பொருளுக்கு, 16 முதல் 31 வரை வன்பொருளுக்கு. எக்ஸ்86இல் குறுக்கீடுகளை நிர்வகிக்கும் ஏபிக், குறுக்கீட்டு எண்ணின் மேல் 4 பிட்டைத்தான் முன்னுரிமையாகப் பார்க்கும். அப்படியானால் 16 வகுப்பு. முதல் 32 எண்கள் புராசஸரின் சொந்தத் தேவைக்குப் போக மிஞ்சுவது 14. முப்பத்திரண்டைப் பதினாலுக்குள் திணிக்க முடியாது. நடப்பு மட்டத்தை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, வந்ததைக் குறித்துவைத்து, மட்டம் இறங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கவேண்டும்.

இதற்கு மாற்றாக மேலே உள்ள கோட் முழுவதையும் இரண்டு படிக்கு ஏற்றபடி திருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். அது பிழையான வழி என்பது என் உறுதியான கருத்து. மேலே இருக்கும் கோட் 40 வருடமாக ஓடித் தேய்ந்து பிழைகள் களையப்பட்டது. அதில் கைவைத்தால் பழைய பிழைகளுக்குப் பதிலாகப் புதியவை முளைக்கும். விதானையின் அடுக்கு சின்னது. அதைத் தனியாகப் பரிசோதிக்கலாம், பிழை வந்தால் தேடவேண்டிய இடமும் ஒன்றுதான்.

மிச்சப் பாடுகள்

கொம்பைலர் விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். வி.எம்.எஸ்.இன் பெரும்பகுதி பிலிஸ், சி, வாக்ஸ் அசெம்பிளியான மக்ரோ-32 என்ற மூன்றில் எழுதப்பட்டது. அல்ஃபாவுக்குப் போனபோதே அசெம்பிளியை இன்னொரு மொழியாக நினைத்துக் கொம்பைல் பண்ணும் துணிச்சலான முடிவை எடுத்தார்கள். எக்ஸ்86க்கு பழைய கொம்பைலர்களின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, அவை வெளியிடும் இடைநிலை வடிவத்தை எல்.எல்.வி.எம். என்ற பொதுக் கொம்பைலர் தொகுதிக்கு மாற்றும் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். கல்லடியில் 1924ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தை இடிக்காமல் பக்கத்திலேயே புதுப் பாலம் போட்டார்களே, அந்த மாதிரி. ஒரு சங்கடம்: அல்ஃபாவில் 32 முழுஎண் பதிவகங்கள், எக்ஸ்86-64இல் 16 மட்டும். இடையில் எழுதிய கோட் மேலதிகப் பதிவகங்களுக்குப் பழகிவிட்டது. அவற்றை நினைவகத்தில் போலியாக வைத்துக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நினைவக வரிசையில் மட்டும் கடவுள் கண் திறந்தார். அல்ஃபாவில் ஒரு புராசஸர் எழுதியதை மற்றப் புராசஸர் எந்த ஒழுங்கிலும் காணலாம். அதனால் வேண்டிய இடமெல்லாம் தடுப்பு அறிவுறுத்தல் போடும் பாடு 1992இலேயே பட்டாகிவிட்டது. எக்ஸ்86 அவ்வளவு தளர்வில்லை. முந்தி எழுதியது நினைவகத்தை அடையமுன் பிந்திய வாசிப்பு முந்திவிடலாம், ஏறக்குறைய அவ்வளவே.

தசம எண்களில் நிலைமை மறுபடி கெடுகிறது. வாக்ஸின் டி வகை எண் 64 பிட், அதில் துல்லியம் 56 பிட். இன்றைய ஐஇஇஇ இரட்டை எண்ணும் 64 பிட், ஆனால் துல்லியம் 53. மாற்றினால் 3 பிட் போகும். 16 பிட் துண்டுகள் அடுக்கிய ஒழுங்கும் வேறு. பழைய கோப்பை அப்படியே வாசித்தால் குப்பை எண் வரும், எரர் வராது. புரோகிராமைக் கொம்பைல் பண்ணலாம், வன்தட்டில் எழுதிவைத்த தரவை யார் கொம்பைல் பண்ணுவது?

தொட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு

இறுதியாண்டில் சின்ன ஓ.எஸ். ஒன்றைப் புது மெசினுக்குக் கொண்டுபோக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒழுங்கு முக்கியம். உண்மையான மெசினைத் தொடமுன், மெசின்போல நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருளில் தொடங்குங்கள். முதல் வேலை சீரியல் போர்ட்டில் ஓர் எழுத்தை வெளியே அனுப்புவது. பதினாறடி எண்ணில் 3எஃப்8 என்ற முகவரிக்கு எழுதுவதற்கு முன், 3எஃப்டி முகவரியை வாசித்து 5ஆம் பிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். திரையை நம்பவேண்டாம், அது வேலை செய்யும் நாள் தூரத்தில் இருக்கிறது. இரண்டாவது, புராசஸர் எழுப்பும் பிழைகளான விதிவிலக்குகளைப் பிடிக்கும் அட்டவணை. அது இல்லாமல் பக்க அட்டவணையில் கைவைத்தால், ஒரு பிழையைக் கையாளப் போய் இன்னொன்று, அதைக் கையாளப் போய் மூன்றாவது என்று மெசின் சத்தமில்லாமல் ரீசெட் ஆகும். அந்த நேரத்தில் தானாக ரீபூட் ஆகாமல் நிற்கும்படியும், ஒவ்வொரு குறுக்கீட்டையும் எழுதிவைக்கும்படியும் கியூஎமுவுக்குச் சொல்லிவையுங்கள். பிறகு பக்க அட்டவணை, பிறகு கடிகாரம். டிஸ்க் டிரைவரை ஆகக் கடைசிக்குத் தள்ளுங்கள். வி.எம்.எஸ். காரரும் பூட் ஆவதற்குத் தேவையான கோப்புகளை ஒரே கட்டாக, மெசினைத் தொடக்கும் யூஈஎஃப்ஐ மென்பொருள் மூலம் நினைவகத்தில் ஏற்றி, நினைவகத்தையே டிஸ்க்காக நினைத்துத்தான் எழும்பவைத்தார்கள்.

சம்மாந்துறை ஆலைக்கு இவ்வளவும் வேண்டாம். அங்கே சரியான வழி, பழைய மெசின்போல நடிக்கும் போலிமெசின் மென்பொருள்தான், ஏனென்றால் அந்தப் புரோகிராம் இனி வளரப்போவதில்லை. 64 பிட் வின்டோஸில் 16 பிட் புரோகிராம் நேரே ஓடாது, வின்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும். பழைய வன்தட்டை ஓட்டிப்பார்க்க முன் அதன் முழுப் பிரதியை எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். டொஸ்பொக்ஸ் என்ற போலிமெசினில் போட்டு, அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள் எண்ணிக்கையைக் குறைத்தால் எரர் 200 வராது. டொட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்குப் போகும் எல்.பி.டி. போர்ட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதி நேரம் அங்கேதான் போகும்.

யாராவது சோர்ஸ் கோட்டை, டேர்போ பாஸ்கலின் வாரிசான டெல்ஃபியில் திருப்பிக் கொம்பைல் பண்ணித் தருகிறேன் என்று வந்தால், தசம எண்களுக்கான ரியல் வகையைப் பற்றி முதலில் கேளுங்கள். டேர்போ பாஸ்கலின் ரியல் 6 பைட், டெல்ஃபியின் ரியல் 8 பைட். முதல் பதிவிலேயே 2 பைட் நழுவும், இரண்டாவது பதிவிலிருந்து பெயர் இருந்த இடத்தில் தொகை நிற்கும். ரியல்48 என்ற வகையையும், இடைவெளி விடாத பேக்ட் ரெக்கோர்டையும், இன்டிஜர் வந்த இடமெல்லாம் 16 பிட் ஸ்மோலின்ட்டையும் போடவேண்டும். போட்ட பிறகு, முடிந்துபோன ஒரு பெரும்போகத்தின் கொள்வனவுக் கணக்கை இரண்டு மெசினிலும் ஓட்டி, ஒவ்வொரு விவசாயியின் பாக்கியும் சதம் வரை ஒத்துப்போகிறதா என்று கடதாசியில் எடுத்து வரி வரியாகப் பாருங்கள். ஒத்துப்போகும் வரை பழைய மெசினை எறியவேண்டாம்.